இசையின் அளவும் மக்களின் குரலும்

1947-ஆம் ஆண்டு யூன் மாதம் 5-ஆம், 6-ஆம் நாள்களில், சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் விபுலாநந்த அடிகளாரின் யாழ் நூல் அரங்கேறியது. அடுத்த மாதம் 19-ஆம் நாள் அடிகளார் மறைந்தார். அன்று தொடக்கம் இந்நூலைப் போற்றாத தமிழறிஞர் இலர். ஊன்றிப் படித்தவரோ மிகச் சிலர். நூலிலுள்ள கணக்குகள் தமிழ் படித்தவரை அச்சுறுத்துகின்றன. அதன் தமிழ் கணக்குப் படித்தவரை அச்சுறுத்துகின்றது. இருசாராரும் நூலை வணங்கி அலுமாரியில் வைத்துவிடுகின்றனர். இந்நூல் எழுப்பிய வினாவை வணக்கத்திலிருந்து மீட்டு வாதத்துக்குக் கொண்டுவருவதே இக்கட்டுரையின் நோக்கம். இசையின் சுரவரிசை எவ்வாறு கட்டப்படுகிறது? அதனைக் கட்டியவர் யார்? அதன் அறிவு இன்று யார் கையில் இருக்கிறது?

இவ்வினாக்களை நாம் வட்டுக்கோட்டையில் நின்று கேட்க விரும்புகிறோம். இதற்குக் காரணம் உண்டு. அமெரிக்க மிசனரிமார் 1823-இல் இவ்வூரில் நிறுவிய செமினரி, கணிதத்தையும் வானியலையும் தமிழ் மாணவருக்குக் கற்பித்த முன்னோடி நிறுவனமாகும். அதன் அதிபராயிருந்த ஹொய்சிங்ரன் கீழைத்தேய வானியல் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் அங்கே கற்றவர்கள். பின்னவர் வீசகணிதத்தைத் தமிழில் எழுதினார். முன்னவர் கலித்தொகையை 1887-இல் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொணர்ந்தார். 1855-இல் செமினரி மூடப்பட்டது. 1872-இல் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றியது. இதே ஊர்ப் புறத்தில் வடமோடிக் கூத்து மரபு ஒன்றும் வாழ்ந்து வந்திருக்கிறது. வட்டக்களரி, அண்ணாவியாரின் மத்தளம், தாளம், பிற்பாட்டுக்காரரின் குரல் என்பவற்றோடு விடியவிடிய நிகழும் கலை அது. ஒரே ஊரில் எண்ணின் கல்வியும் பண்ணின் கல்வியும் அருகருகே இருந்தன. ஆயின் ஒன்றிலிருந்து மற்றையதற்குச் செல்லும் பாதையை எவரும் வெட்டவில்லை. களரியிற் பாடியவன் ஏன் அந்த இடத்தில் குரலை நிறுத்துகிறான் என்று கணிதம் கற்றவர் கேட்டாரில்லை. தன் குரலுக்கும் ஒரு கணக்கு உண்டென்று பாடியவனுக்கு எவரும் சொன்னாரில்லை.

முதலிற் கணக்கைப் பார்ப்போம். அது எவரும் எண்ணுவதுபோல அத்துணைக் கடினமானதன்று.

ஒரு பலகையின் மேல், 90 சதமமீற்றர் நீளம் ஒலிக்குமாறு ஒரு கம்பியை இழுத்துக் கட்டுவோம். அதனை மீட்டும்போது எழும் ஒலியைக் குரல் என்று கொள்வோம். இன்றைய வழக்கில் அது சட்சம். கம்பியின் சரிபாதியில், அதாவது 45 சதமமீற்றரில் விரலை ஊன்றி மீட்டினால் அதே சுரம் மேல் தானத்தில் ஒலிக்கும். மூன்றில் இரண்டு பங்கு நீளத்தில், அதாவது 60 சதமமீற்றரில் ஒலிப்பது இளி, இன்றைய பஞ்சமம். நான்கில் மூன்று பங்கில், அதாவது 67.5 சதமமீற்றரில் ஒலிப்பது உழை, இன்றைய மத்திமம். இவை மூன்றும் எந்த நாட்டுச் செவிக்கும் இசைவாக ஒலிப்பவை. கிரேக்கத்திற் பிதாகொரசின் பெயரால் வழங்கும் கண்டுபிடிப்பும் இதுவே. சீனத்துப் பழைய இசைநூலார் மூங்கிற் குழலை வெட்டிக் கண்டதும் இதுவே. பழந்தமிழ் இசைநூலார் நின்ற நரம்புக்கு ஐந்தாம் நரம்பைக் கிளை என்றும், நான்காம் நரம்பை நட்பு என்றும் அழைத்தனர். ஒலிகளிடையே அவர்கள் கண்ட உறவுக்கு மனிதரின் உறவுப் பெயரையே இட்டமை கருதத்தக்கது.

இளிக்கு இளி எடுத்து, அதற்கும் இளி எடுத்து, தானம் மிகும்போது பாதியாய்க் குறைத்துக்கொண்டு போனால் முதல் ஐந்து சுரங்களாக நமக்குக் கிடைப்பவை குரல், இளி, துத்தம், விளரி, கைக்கிளை என்பவையாகும். இவற்றை வரிசைப்படுத்தினால் இன்று நாம் மோகனம் என்னும் இராகத்தின் ஐந்து சுரங்கள் எழும். பழைய முல்லைப்பண் இதுவே என்பது இசையாராய்ச்சியாளர் பலரின் முடிபு. முல்லை என்பது ஆயரின் நிலம். ஐந்து சுர வரிசை சீனத்திலும், ஸ்கொட்லாந்திலும், ஆபிரிக்காவின் பல பகுதிகளிலும் மேய்ப்போரும் உழுவோரும் பாடும் பாடல்களிற் காணப்படுகிறது. எளிய கருவியும் தேர்ந்த செவியும் உள்ள எந்த மக்களும் சென்றடையக்கூடிய முதல் நிலை அது. இசையிலக்கணம் அரசவையிற் பிறந்து கீழே இறங்கி வந்ததென்று கருதுவோர் இதனை மனங்கொள்ள வேண்டும்.

இனி, சிக்கல் எங்கே தொடங்குகிறதென நோக்குவோம். சிலப்பதிகார உரைவழி நமக்குக் கிடைக்கும் அலகுக் கணக்கில் குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2, ஆக 22. ஒவ்வொரு சுரமும் தனக்கு முந்திய சுரத்திலிருந்து அத்தனை அலகு உயர்ந்து நிற்கிறதென்று கொண்டு, 4 அலகை 9க்கு 8 என்ற விகிதமாகவும், 3 அலகை 10க்கு 9 ஆகவும், 2 அலகை 16க்கு 15 ஆகவும் வைத்துப் பார்த்தால், நமது 90 சதமமீற்றர்க் கம்பியில் துத்தம் 80இலும், கைக்கிளை 72இலும், உழை 67.5இலும், இளி 60இலும், விளரி 54இலும், தாரம் ஏறத்தாழ 50.6இலும், மேற்குரல் 45இலும் நிற்கும். இந்த வரிசையே செம்பாலை, இன்றைய அரிகாம்போதி.

கைக்கிளையை மட்டும் தனியே எடுத்துக்கொள்வோம். இந்தக் கணக்கில் அது 72 சதமமீற்றரில் நிற்கிறது. இளிக்கு இளியாக நான்கு முறை ஏறிவந்தாலோ அது 71.1 சதமமீற்றரில் நிற்கும். ஆர்மோனியத்தில் உள்ளதுபோலத் தானத்தைப் பன்னிரண்டு சமபங்காகப் பிரித்தால் 71.4 சதமமீற்றரில் நிற்கும். ஒரே சுரத்துக்கு மூன்று இடங்கள். ஒன்றுக்கொன்று சில மில்லிமீற்றரே தூரம். ஆயினும் பழகிய செவி அதனை அறியும். இவ்வாறே பன்னிரண்டு முறை இளி ஏறினால் ஏழு தானம் உயர்ந்து மீண்டும் குரலுக்கே வந்துவிட வேண்டும். ஆனால் அது வருவதில்லை. அரைச்சுரத்தில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு மிஞ்சுகிறது. இஃது இயற்கையின் எண்களிலேயே உள்ள முரண்பாடு. எந்த நாட்டு இசையும் இந்த மிச்சத்தை எங்கேனும் மறைத்தோ பகிர்ந்தோ ஆகவேண்டும். சுரவரிசை என்பது இயற்கை தந்த வரமுமன்று, முனிவர் அருளிய சாத்திரமுமன்று. இயற்கையின் முரண்பாட்டோடு மனித உழைப்பு செய்துகொண்ட உடன்பாடு என்பதே பொருந்தும். உடன்பாடுகள் காலத்துக்குக் காலம், கருவிக்குக் கருவி மாறும்.

இந்த உண்மையின் ஒளியில்தான் தஞ்சை ஆபிரகாம் பண்டிதருக்கும் விபுலாநந்தருக்கும் இடையே உள்ள வேறுபாட்டை நாம் மதிப்பிட வேண்டும். பண்டிதர் 1917-இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தில் இருபத்திரண்டு என்ற கணக்கை மறுத்தார்; பன்னிரண்டு இராசியும் சமமானவை, இராசிக்கு இரண்டாக அலகு இருபத்துநான்கு என்று வாதிட்டார். 1916-இல் பரோடாவில் நடந்த அகில இந்திய சங்கீத மாநாட்டில் அறிஞர் முன்னிலையிலும் தம் கருத்தை நிலைநாட்ட முயன்றார். அடிகளாரோ இருபத்திரண்டையே ஏற்று, அதற்கு விகிதக் கணக்கு வகுத்தார். இவருள் எவர் சரி என்று இன்றும் கட்சி கட்டி வாதிடுவோர் உளர். நமது கருத்தில் அந்த வாதம் பாதி பயனற்றது. சமபங்கு வேண்டுமா, இயற்கை விகிதம் வேண்டுமா என்பது அந்தந்த இசைக்கும் கருவிக்கும் ஏற்பத் தீர்மானிக்க வேண்டிய ஒன்று. இவ்விருவரின் உண்மையான சாதனை வேறு. இசையிலக்கணம் வடமொழி நூல்களின் தனியுடைமை, அதனைச் சில குலத்தவரே கற்கவும் கற்பிக்கவும் தகுதியுடையோர் என்ற நிலை நிலவிய காலத்தில், ஒரு கிறித்தவச் சித்த மருத்துவரும், காரைதீவிற் பிறந்து விஞ்ஞானம் கற்ற ஒரு துறவியும், தமிழ்ச் சிலம்பை ஒரு கையிலும் கணக்கை மறு கையிலும் ஏந்தி அந்தத் தனியுடைமையைக் கேள்விக்குள்ளாக்கினர். அண்ணாமலைப் பல்கலைக்கழகமும், 1943-இல் சென்னையில் தோன்றிய தமிழிசைச் சங்கமும் முன்னெடுத்த இயக்கத்துக்கு அறிவுத்தளம் அமைத்தவர்களுள் இவர்கள் முதன்மையானவர்கள்.

யாழ் நூலின் சிறப்புமிக்க பகுதி பாலைத்திரிபியல் என்பது எமது துணிபு. செம்பாலையின் ஏழு நரம்புகளை மாற்றாமல், குரல் நிற்கும் இடத்தை மட்டும் பெயர்த்தால் புதிய பாலைகள் பிறக்கின்றன. துத்தத்தைக் குரலாகக் கொண்டால் படுமலைப்பாலை, இன்றைய நடபைரவி. உழையைக் கொண்டால் அரும்பாலை, சங்கராபரணம். இளியைக் கொண்டால் கோடிப்பாலை, கரகரப்பிரியா. விளரியைக் கொண்டால் விளரிப்பாலை, தோடி. தாரத்தைக் கொண்டால் மேற்செம்பாலை, கல்யாணி. கைக்கிளையிற் பிறக்கும் செவ்வழிப்பாலை மட்டும் இரண்டு மத்திமம் பெற்று இளியின்றி நிற்கும். எழுபத்திரண்டு மேளங்களின் பெயரைக் கனகாங்கி முதல் இரசிகப்பிரியா வரை மனனம் செய்யும் மாணவனுக்கு, இந்த ஒரே ஒரு நகர்வை வீணையிலோ ஆர்மோனியத்திலோ காட்டினால் அவன் அறிவு விழித்தெழும். எந்த நரம்பும் குரலாகலாம் என்பதே இவ்வியலின் சாரம்.

எழுபத்திரண்டு என்ற தொகை எங்கிருந்து வந்தது? பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சை நாயக்கர் காலத்தில் வேங்கடமகி எழுதிய சதுர்தண்டிப் பிரகாசிகை அதனை வகுத்தது. ரிஷபமும் காந்தாரமும் சேரும் வகை 6, தைவதமும் நிஷாதமும் சேரும் வகை 6, மத்திமம் 2, பெருக்கினால் 72. அழகிய கணக்கு என்பதில் ஐயமில்லை. ஆனால் வேங்கடமகி தம் காலத்தில் வழக்கிலிருந்தனவாகக் கொண்டவை 19 மேளங்களே. எஞ்சியவை வருங்காலத்துக்கென ஒழித்து வைத்த வெற்றிடங்கள். வழக்கு முந்தியது, அட்டவணை பிந்தியது என்பதை அந்த அட்டவணையின் ஆசிரியரே அறிந்திருந்தார். இன்று அட்டவணையை முதற்பாடமாக வைத்து, வழக்கைக் கடைசிப் பாடமாகவோ பாடமாகவே இல்லாமலோ ஆக்கிவிட்டோம். சங்கீதப் பரீட்சைக்குச் செல்லும் பிள்ளை மேளத்தின் இலக்கத்தைச் சொல்லும். தன் ஊர்க் கூத்துத் தருவில் எத்தனை சுரம் பயில்கிறதென்று கேட்டால் விழிக்கும். இந்த நிலைக்கு அந்தப் பிள்ளையைக் குறைகூறுதல் நியாயமன்று.

இங்கே அடிகளாரின் நூல்மீது நாம் ஒரு குறையையும் கூறியாக வேண்டும். யாழ் நூல் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் யாழாசிரியன் அமைதி கூறும் இருபத்தைந்து அடிகளின் விரிவாக எழுந்தது. அது மாதவி அரசன்முன் ஆடிய அரங்கின் இசை. பாயிரவியல், யாழுறுப்பியல், இசைநரம்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல், தேவாரவியல், ஒழிபியல் என நூல் விரிகிறது. அரசவை யாழிலிருந்து ஆலயத் தேவாரத்துக்குச் செல்லும் இந்த நெடும்பாதையில் களரிக்கென ஓர் இயல் இல்லை. மட்டக்களப்போ வடமோடியும் தென்மோடியும் செழித்த நாடு. அந்நாட்டு வாவியிற் பாடும் மீன்களின் இசையைக் கவியாகப் பாடிய செவி அடிகளாருடையது. நாடகம் பற்றி மதங்க சூளாமணி எழுதியபோதும் செகசிற்பியாரை ஆராய்ந்த அளவுக்கு அண்டை ஊர் அண்ணாவியாரை அவர் ஆராயவில்லை. மானிப்பாய் இந்துக் கல்லூரியில் அதிபராயிருந்த காலத்தில் வட்டுக்கோட்டைக்கு மிக அணித்தாகவே அவர் வாழ்ந்தார். இதனைத் தனிமனிதரின் குற்றமாக நாம் சொல்லவில்லை. பண்டைப் பெருமையை நிலைநாட்டுவதே தேசிய விழிப்பின் முதற்கடமையாகத் தோன்றிய ஒரு தலைமுறையின் எல்லை அது. தம்மை இழிவுபடுத்திய ஆதிக்கத்துக்கு விடை கூற அத்தலைமுறைக்கு அரசவை யாழ் தேவைப்பட்டது. உழவனின் தரு தேவைப்படவில்லை.

அதே சிலப்பதிகாரத்தில் வேறொரு காதையும் உண்டு. ஆய்ச்சியர் குரவையில், மாதரி என்னும் இடைக்குல முதியவள் ஏழு கன்னியரை அழைத்து, குரல் முதல் தாரம் வரை அவர்களுக்குப் பெயரிட்டு, வட்டமாக நிறுத்திக் கைகோத்து ஆடச் செய்கிறாள். பன்னிரு இராசி வட்டத்தில் நரம்புகளை நிறுத்தும் வட்டப்பாலை முறையை உரைகாரர் இங்கே விளக்குகின்றனர். சுரவரிசையின் கட்டுமானம் பால் கறந்து தயிர் கடைந்த பெண்களின் உடலால், ஊர் மன்றத்திலே வரையப்படுகிறது. இளங்கோ இதனைக் கற்பனையாகவே பாடியிருக்கலாம். ஆயினும் இலக்கணத்தை ஆயர் சேரிக்கு உரியதாகக் காட்டக் கூசவில்லை என்பது போதும். அந்த வட்டத்துக்கும் நமது வட்டக்களரிக்கும் நேரடித் தொடர்பு உண்டென்று அவசரப்பட்டு முடிபு கட்டவும் நாம் முனையவில்லை. யாழ் நூலின் ஆராய்ச்சி அரங்கேற்று காதையிலிருந்து புறப்பட்டதுபோல, இன்னோர் ஆராய்ச்சி ஆய்ச்சியர் குரவையிலிருந்து புறப்பட்டிருக்கலாம் என்பதே நாம் சொல்ல வருவது.

ஆர்மோனியத்தின் கதை இன்னொரு படிப்பினை. மேனாட்டிலிருந்து வந்த இக்கருவியின் சமபங்குச் சுரங்கள் நமது நுண்ணிய அலகுகளையும் கமகத்தையும் கொல்கின்றன என்று பண்டிதர்கள் குற்றஞ்சாட்டினர். அகில இந்திய வானொலி 1940-இல் அதனை விலக்கிவைத்தது. 1971 வரை அந்த விலக்கு நீடித்தது. குற்றச்சாட்டில் உண்மை இல்லாமலில்லை. மேலே கண்ட கைக்கிளையின் இடமே அதற்குச் சான்று. ஆனால் யாழ்ப்பாணத்தின் கிராமங்கள்தோறும் இசைநாடகத்தைத் தூக்கி நிறுத்தியது இந்த ஆர்மோனியமே. மயானகாண்டத்தில் அரிச்சந்திரனாக வந்து ஆயிரமாயிரம் மக்களைக் கண்ணீர் விடச் செய்த வி. வி. வைரமுத்துவின் குரல் அதனோடு இணைந்தே ஒலித்தது. ஆர்மோனியக் கட்டை நின்ற இடத்தில் நிற்க, பாடகனின் குரல் அதன்மேல் ஏறியும் குழைந்தும் சென்றது. கருவியின் குறையை மனிதக் குரல் ஈடுசெய்தது. தூய்மை பேசியோர் கருவியைக் கேட்டனர். மக்கள் பாட்டைக் கேட்டனர்.

இதற்கு மறுதலையான மயக்கமும் நம்மவரிடையே உண்டு. மக்கள் கலை என்றவுடன் அதில் மாசே இல்லையென்று உருகுவோர் அவர்கள். களரியைச் சுற்றியும் சாதி இருந்தது. யார் ஆடலாம், யார் எந்தப் பக்கத்தில் இருந்து பார்க்கலாம், யார் பறை முழக்கியே தீரவேண்டும் என்பதை நிலவுடைமைச் சமுதாயம் வகுத்து வைத்திருந்தது. 1966 ஒக்ரோபர் 21-இல் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலமும், 1968-இல் மாவிட்டபுரத்தில் நிகழ்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டமும் எந்த அமைப்பை எதிர்த்தனவோ, அதே அமைப்புக்குள்தான் நமது இசையும் வளர்ந்தது. எந்த நரம்பும் குரலாகலாம் என்று பாலைத்திரிபு கற்பித்த சமுதாயம், எந்த மனிதனும் கோயில் வாயிலைக் கடக்கலாம் என்பதை ஒப்புக்கொள்ள இத்தனை காலம் எடுத்தது. அதனால்தான், பேராசிரியர் சு. வித்தியானந்தன் கர்ணன் போர், இராவணேசன் போன்ற கூத்துக்களைப் பல்கலைக்கழக மேடைக்கு 1960களிற் கொணர்ந்த முயற்சி ஒரு முக்கிய படியாகவும், அதனைத் தொடர்ந்து ஆலயப் பிரவேசத்தையே பொருளாகக் கொண்ட கந்தன் கருணை கூத்துவடிவில் மேடையேறியது அடுத்த படியாகவும் அமைந்தன. பழைய தருக்கள் புதிய பொருளைத் தாங்கின. தாங்கியதால் அவை சிதைந்துவிடவில்லை.

கூத்துப் பாடலுக்கு மதிப்புத் தேடும் சிலர், இது இன்ன இராகம், அது இன்ன இராகம் என்று பெயர் சூட்டி மகிழ்கின்றனர். பெயர் சூட்டுவதால் கூத்து உயர்ந்துவிடுவதில்லை. நான்கைந்து சுரத்துள் நடமாடும் ஒரு தரு, இராகத்தின் குறைப்பிரசவமன்று. ஆடிக்கொண்டே பாட வேண்டியவனின் மூச்சுக்கும், திறந்தவெளியில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டிய சொல்லுக்கும், மத்தளத்தின் அடிக்கும் ஏற்ப அளந்து செய்யப்பட்ட வரிசை அது. அதனை அதன் அளவிலேயே ஆராய்தல் வேண்டும். அண்ணாவியார் குரலை நிறுத்தும் இடம் 72உம் அன்று, 71.1உம் அன்று, 71.4உம் அன்று என்று தெரியவருமாயின், பிழை அவருடையதென்று முடிவுகட்டாமல் நமது அட்டவணையை ஒருமுறை திருப்பிப் பார்ப்பதே விஞ்ஞானமாகும். இன்று ஒலியின் அதிர்வெண்ணைக் கைத்தொலைபேசியே காட்டிவிடும். செமினரியின் காலத்தில் எவருக்கும் கிட்டாத வசதி இது.

ஆதலின் ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் நாம் வேண்டுவது பெரிதன்று. மேளப் பெயர்களை ஒப்புவிக்குமுன் ஒரு பலகையும் ஒரு கம்பியும் வகுப்புக்கு வரட்டும். பிள்ளைகள் தம் கையால் அளந்து, 60இல் இளியையும் 80இல் துத்தத்தையும் தாமே கண்டுபிடிக்கட்டும். கணித ஆசிரியரும் சங்கீத ஆசிரியரும் ஒரு மணித்தியாலமேனும் ஒரே வகுப்பில் நிற்கட்டும். பின்னர் ஊரிலுள்ள முதிய அண்ணாவியார் ஒருவரை அழைத்து, அவர் பாடுவதை அதே கம்பியில் தேடட்டும். அவர் அந்த வகுப்பில் விருந்தாளியாக அன்றி ஆசிரியராகவே அமரட்டும்.

யாழ் நூல் தொடங்கிய பணி இன்னும் முடியவில்லை. மறைந்துபோன யாழைக் கணக்கால் மீட்டெடுக்க அடிகளார் தம் வாழ்நாளில் பல ஆண்டுகளைச் செலவிட்டார். மறைந்துபோகாமல் நம் கண்முன்னே இருக்கும் களரியின் இசையை அளந்தறிய நாம் எத்தனை நாளைச் செலவிட்டோம்? அந்த நூலை உண்மையாக மதிப்பவர் அதன் அட்டையைத் தொட்டு வணங்குவதோடு நில்லார். அதில் எழுதப்படாத இயலை எழுத முற்படுவார். அவ்வியலுக்கு வேண்டிய ஏடுகள் தஞ்சையிலும் இல்லை, சென்னையிலும் இல்லை. வட்டுக்கோட்டை போன்ற ஊர்களில் முதியோரின் நெஞ்சிலும் தொண்டையிலும் இருக்கின்றன. அவர்கள் இருக்கும்போதே போய்க் கேட்பது நமது கடமையாகும்.